2048 பைட்டுக்குள் ஆறு வருடம்

ஏடிமெகா328பி என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் சிப்பில் சி மொழியில் நிரல் எழுத ஆரம்பித்து ஆறு வருடமாகிறது. நிரல் தங்கும் ஃபிளாஷ் 32 கேபி, ஓடும்போது மாறும் தரவுக்கான ராம் 2 கேபி. ஃபிளாஷ் போதாது என்றுதான் முதலில் பயந்தேன். இதுவரை ஒருமுறைகூட அது நிரம்பவில்லை. காலை வாரியது ராம்.

மெனு வாசகங்களை கான்ஸ்ட் (மாறாதவை) என்று எழுதிவிட்டு, அவை ஃபிளாஷிலேயே கிடக்கும் என்று நிம்மதியாக இருந்தேன். இந்தச் சிப்பில் ஃபிளாஷுக்கும் ராமுக்கும் முகவரிகள் தனித்தனி. அதனால் சி நிரலைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் கம்பைலரான ஏவிஆர் ஜிசிசியில், சிப் ஆன் ஆனதும் கான்ஸ்ட் வாசகங்களும் ராமில் வந்து உட்கார்ந்துவிடும். ‘ஃபிளாஷிலேயே வை’ என்று சொல்லும் ப்ரோக்மெம் குறிப்பைச் சேர்த்து, அதற்கான மேக்ரோக்கள் வழியாகப் படித்தால் ராம் மிச்சம். எழுத எரிச்சலான வேலைதான்.

என்னை அதிகம் படுத்தியது வேறொன்று. டைமர் இன்டரப்ட் (ஓடும் நிரலை நிறுத்திவிட்டு நடுவில் ஓடும் சிறு நிரல்) ஒரு 16 பிட் கவுன்டரை ஏற்றிக்கொண்டே போகும், மெயின் லூப் அதைப் படிக்கும். ஒவ்வொரு முறையும் ராமிலிருந்தே படி என்று கம்பைலருக்குச் சொல்லும் வாலடைலும் போட்டிருந்தேன். ஆனாலும் சில நாளுக்கு ஒருமுறை எண் திடீரென்று எகிறும். ஒயரில் இரைச்சல் என்று நினைத்து கெப்பாசிட்டர்களை மாற்றிக்கொண்டிருந்தேன்!

நடந்தது இதுதான். 8 பிட் சிப் 16 பிட் எண்ணை இரண்டு தவணையில் படிக்கிறது. கவுன்டரில் 255 இருக்கும்போது கீழ் பைட்டை எடுத்தாயிற்று. அந்த இடைவெளியில் இன்டரப்ட் வந்து அதை 256 ஆக்கிவிடுகிறது. அப்புறம் மேல் பைட்டை எடுத்தால் கையில் இருப்பது 511. வாலடைல் கம்பைலரின் கையைத்தான் கட்டும், இன்டரப்டைத் தடுக்காது. இப்போது இன்டரப்டுகளைச் சற்று நிறுத்திவைக்கும் அட்டாமிக் பிளாக்குக்குள் ஒரு நகல் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கணக்கெல்லாம் வெளியே வந்துதான். உள்ளேயே போட்டால் மற்ற இன்டரப்டுகள் காத்துக்கிடக்கும்.

சியின் முழு எண் வகையான இன்ட் இங்கே 16 பிட்தான், பெரிய எண் கொள்ளாது. 60-ஐ 1000-ஆல் பெருக்கினால் 60000-க்குப் பதிலாக -5536 வந்து நின்றது. 60-ன் வாலில் யூஎல் (இன்னும் பெரிய முழு எண் வகை என்ற குறி) ஒட்டியதும் சரியாகிவிட்டது. கம்பைலர் எச்சரித்துத்தான் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

மில்லிசெகண்ட் எண்ணும் 32 பிட் கவுன்டர் சுமார் 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பும். எல்லாவற்றையும் அன்சைன்டாக (கழித்தல் குறி இல்லாத எண்ணாக) வைத்து, இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்துப் பார்த்தால் அன்றைக்கும் கணக்கு தப்பாது.

தசம எண் வகையான ஃப்ளோட்டை விட்டுவிட்டேன், 27.4 டிகிரி என்றால் என்னிடம் 274. ஓடும்போது ராம் கேட்டு வாங்கும் மல்லாக்கையும் தொடுவதில்லை.

ஸ்டாக் (ஃபங்ஷன்கள் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் ராம்) எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பார்க்க, தொடக்கத்திலேயே காலி ராமை ஒரே எண்ணால் நிரப்பிவிடுவேன். ஒரு நாள் ஓடவிட்டு, எத்தனை பைட் கலையாமல் இருக்கின்றன என்று எண்ணுவேன். போன ப்ராஜெக்ட்டில் மிஞ்சியது 38. அன்றைக்கே சீரியல் தரவு காத்திருக்கும் பஃபரை 128 பைட்டிலிருந்து 64 ஆக்கினேன்.