ஸ்லிப்பர் கிளட்சும் கொல்லிமலையின் 70 வளைவுகளும்: ஆர்15 வி3 அனுபவம்

செகண்ட் ஹேண்டில் 2019 மாடல் யமஹா ஆர்15 வி3 பைக் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. மைலேஜ், பிக்கப் பற்றியெல்லாம் ஊரே எழுதித் தீர்த்துவிட்டது. நான் எழுத வந்தது அதன் கிளட்சைப் பற்றி மட்டும்தான், காரணம் விற்ற பையன் சொன்ன ஒரு வார்த்தை. "அண்ணே, இதுல ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கு. ஆறுல இருந்து நேரா ரெண்டுக்குத் தட்டுங்க, பூ மாதிரி இறங்கும்."

அவன் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பி மலை இறங்கினால் பள்ளத்தில்தான் போய் நிற்போம். (வீட்டில் சொன்னபோது, "செருப்புக்கும் கிளட்சுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டாள் மனைவி. அந்தப் பெயரை வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.)

முதலில் என் பழைய கதை. அப்போது வைத்திருந்தது ஒரு சாதாரண 150 சிசி வண்டி, வண்டி மேல் எந்தக் குற்றமும் இல்லை. கொல்லிமலையில் இருந்து இறங்கும்போது முப்பதுகளில் ஏதோ ஒரு வளைவு, லேசாக மழை தூறி நின்றிருந்தது, எதிரே பஸ் ஹாரன் கேட்டது. பதறிப்போய்க் கிளட்சைப் பிடித்து இரண்டு கியர் குறைத்து, வலது காலால் பின் பிரேக்கையும் அமுக்கி, கிளட்சைப் பட்டென்று விட்டேன். பின் சக்கரம் கிரீச் என்று நின்று, வண்டியின் வால் இடது பக்கம் வீசியது. விழவில்லை, ஆனால் வண்டி ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. டிரைவர் பஸ்ஸை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தார், திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்று என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. இப்போதுள்ள ஆர்15 கணக்கிலேயே சொல்கிறேன். மணிக்கு 60-ல், நாலாவது கியரில் இன்ஜின் சுமார் 6,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும். அதே வேகத்துக்கு மூன்றாவதில் 7,000-க்குக் கொஞ்சம் மேலே சுற்ற வேண்டும், இரண்டாவதில் கிட்டத்தட்ட 10,000. கிளட்ச் பிடித்திருக்கும் நேரத்தில் இன்ஜின் சத்தம் தணிந்துவிடும். அப்படியே விட்டால் அந்த 10,000 வரை இன்ஜினை இழுத்துக்கொண்டு போகும் வேலை பின் சக்கரத்தின் தலையில் விழும். பிரேக் பிடித்திருப்பதால் எடை எல்லாம் முன்பக்கம் சாய்ந்து, பின் டயர் ரோட்டைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். அதால் எப்படி இழுக்க முடியும்? ஒன்று வழுக்கும், இல்லை தத்தும். அந்தக் காலத்து ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரிந்திருக்காது, டூ ஸ்ட்ரோக்கில் இன்ஜின் பிரேக்கிங், அதாவது ஆக்ஸிலரேட்டரை மூடினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிப்பது, ரொம்பக் கம்மி.

ஸ்லிப்பர் கிளட்ச் இங்கேதான் வருகிறது. கிளட்சின் நடுப்பகுதியில் சாய்வான மேடுகள் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் திருகினால் இறுகி மறுபக்கம் திருகினால் தளரும் பாட்டில் மூடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் சக்கரத்தை இழுக்கும்போது பிளேட்டுகள் இன்னும் இறுகும், சக்கரம் இன்ஜினைத் திருப்ப முயன்றால் அதே சாய்வு பிளேட்டுகளைக் கொஞ்சம் விலக்கிவிடும். இறுக்கும் வேலையில் பாதியை மேடே பார்த்துக்கொள்வதால் ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் போதும், அதனால்தான் லீவர் இரண்டு விரலுக்கு அடங்குகிறது. சேலம் புது பஸ் ஸ்டாண்ட் டிராஃபிக்கில் இந்த ஒரு விஷயத்துக்காகவே வண்டியைக் கும்பிடலாம்.

சரி, சோதனைக்கு வருவோம். சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளி அடிவாரத்தில் இருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. நான் ஏறுவதை மதிப்பிடவில்லை, இறங்குவதை மட்டும்தான். அளவுகோல் மனைவியின் ஹெல்மெட். கியர் குறைக்கும்போது வண்டி வெட்டினால் அவள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் 'டக்' என்று இடிக்கும், ஸ்போர்ட்ஸ் வண்டி எதிலும் பின் சீட் மாடியில் இருப்பதால் இடி கொஞ்சம் பலமாகவே விழும். பழைய வண்டியில் எண்ணிப் பார்க்க ஆரம்பித்து இருபதுக்கு மேல் அவளே கோபத்தில் விட்டுவிட்டாள். ஆர்15-ல் முதல் தடவை பதினொன்று.

வேண்டுமென்றே ஒரு நேரான இறக்கத்தில், பின்னால் யாரும் வராதபோது, தனியாக வந்த ஒரு நாளில் கிளட்சைப் பட்டென்று விட்டும் பார்த்தேன். டயர் கத்தவில்லை. லீவரில் ஒரு சின்ன நடுக்கம், சீறல் மாதிரி சத்தம், அப்புறம் வண்டி தானாகச் சமாளித்துக்கொண்டது. பழைய வண்டியாக இருந்தால் வால் வீசியிருக்கும். இந்த அளவுக்குப் பையன் சொன்னது சரி.

எங்கே தவறு என்றால், ஸ்லிப்பர் கிளட்ச் இன்ஜினின் இழுப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். முழுசாக வெட்டிவிடாது. 60-ல் போகும்போது தவறி ஒன்றாவது கியருக்குத் தட்டிவிட்டு லீவரை விட்டால் கணக்குப்படி இன்ஜின் 15,000-ஐத் தொட வேண்டும், அதில் எவ்வளவு தூரம் போனாலும் வால்வுக்கு ஆபத்துதான். இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் காப்பாற்றாதா என்றால், காப்பாற்றாது. அது பெட்ரோலையோ ஸ்பார்க்கையோதான் நிறுத்தும், சக்கரம் இன்ஜினைத் திருப்புவதை எப்படி நிறுத்தும்?

இன்னொரு மயக்கம் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. என் வண்டியில் இரண்டு சக்கரத்துக்குமான டூயல் சேனல் ஏபிஎஸ் இருக்கிறது. ஆனால் ஏபிஎஸ் விலக்குவது பிரேக் அழுத்தத்தை மட்டும்தான். கியர் குறைத்ததால் சக்கரம் நின்றால் விலக்குவதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. சிங்கிள் சேனல் வண்டி என்றால் பின் சக்கரத்துக்கு அதுவும் கிடையாது, அங்கே வலது காலை நம்பித்தான் பிழைப்பு. என்னைக் கேட்டால் பின் சக்கரம் லாக் ஆகும் கேஸ்களில் முக்கால்வாசிக்கு அந்தக் கால்தான் குற்றவாளி.

மீதி வேலையை நான்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கியர். வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்து இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். கிளட்சைப் பிடித்து, கியரைத் தட்டும் அந்த நொடியில் ஆக்ஸிலரேட்டரை ஒரு சிமிட்டு முறுக்கி, இன்ஜின் சத்தம் மேலே வந்ததும் கிளட்சை விடுவது. எழுத இவ்வளவுதான், கைக்கு வர எனக்கு இரண்டு மாதம் ஆனது. கஷ்டமான இடம், முன் பிரேக்கை இரண்டு விரலால் பிடித்தபடியே அதே கையின் மற்ற விரல்களாலும் உள்ளங்கையாலும் முறுக்குவது. முதலில் பிரேக்கும் சேர்ந்து இறுகி வண்டி தலை குனியும். அது வரும்வரை கிளட்சை மெதுவாக, பிடிக்கும் இடத்தில் அரை நொடி நிறுத்தி விடுங்கள், பிளேட் கொஞ்சம் தேயும், தேயட்டும். செயின் தொளதொள என்று இருந்தால் இதில் எதைச் செய்தாலும் வெட்டும், அதை முதலில் சரிபார்க்கவும். இன்ஜின் ஆயிலும் பைக் ஆயிலாக, டப்பாவில் ஜாசோ எம்ஏ2 (பைக் ஆயிலுக்கான தர முத்திரை) என்று போட்டதாக இருக்கட்டும், கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வேண்டாத நேரத்திலும் வழுக்கக்கூடும்.

நியூட்ரலில் இறங்கிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் அண்ணன்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியரில் இருந்துகொண்டு ஆக்ஸிலரேட்டரை மூடினால் பெட்ரோலே போகாது. நியூட்ரலில்தான் போகும்.

வண்டி வாங்கும்போது இந்த கிளட்சுக்காகக் காசு கூடக் கொடுக்கலாமா? மலைப் பக்கம் அடிக்கடி போகிறவர், பின்னால் ஆள் ஏற்றுகிறவர் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். டவுனுக்குள் மட்டும் என்றால் லீவர் லேசாக இருப்பதற்காக வாங்குங்கள், மற்றதை நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். யமஹாதான் என்றில்லை, டோமினார் 400, இன்டர்செப்டர் 650, ஹோண்டா ஹைனஸ் சிபி350 என்று நிறைய வண்டிகளில் வந்துவிட்டது.

போன மாதம் அன்னாசிப்பழப் பையோடு இறங்கினோம். 70 வளைவுக்கு மூன்று 'டக்'. அதில் ஒன்று குறுக்கே வந்த குரங்குக்காக என்று நான் வாதாடினேன், அவள் கணக்கில் இருந்து கழிக்க ஒத்துக்கொள்ளவில்லை.