இளம் கோல்கீப்பரின் அடுத்த ஒப்பந்தம்: குறுகியதா, நீண்டதா?

என்எச்எல் ஐஸ் ஹாக்கியில் ஓர் இளம் கோல்கீப்பரின் அடுத்த சம்பளத்தைக் கணிக்க உட்காருபவர்கள் முதலில் எடுப்பது சேவ் சதவீதம், அதாவது வந்த ஷாட்டுகளில் தடுத்தவற்றின் பங்கு. முதலில் பார்க்க வேண்டியதோ பிறந்த தேதி. ஜூன் 30 அன்று 27 வயது நிரம்பியிருந்தால், அல்லது ஏழு சீசன் சேவை முடிந்திருந்தால், அவர் ஃப்ரீ ஏஜென்ட். எந்த அணிக்கும் போகலாம். அதுவரை கிளப்பின் பிடியில்தான் இருப்பார். ஆக, ஒப்பந்தத்தில் பிடி ஆண்டு, சந்தை ஆண்டு என்று இரண்டு வகைச் சரக்கு. இரண்டுக்கும் ஒரே விலை கிடையாது.

அந்த விலையை டாலரில் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பு 2022-23இல் 82.5 மில்லியன் டாலர், 2024-25இல் 88, 2025-26இல் 95.5, 2026-27இல் 104. எனவே ஒப்பந்தம் தொடங்கும் ஆண்டின் உச்சவரம்பில் எத்தனை சதவீதம் என்றுதான் பார்க்க வேண்டும்.

பிரிட்ஜ் எனப்படும் குறுகிய ஒப்பந்தத்துக்கு நல்ல மாதிரி டாலஸ் அணியின் ஜேக் ஓட்டிஞ்சர். 2022 மே மாதம் கால்கரிக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்தில் 64 ஷாட்டுகளைத் தடுத்தார். அப்படியொரு ஆட்டத்துக்குப் பிறகும் செப்டம்பரில் கிடைத்தது ஆண்டுக்கு 4 மில்லியன் வீதம் 3 ஆண்டுதான். அதாவது 4.85%. டாலஸின் சாமர்த்தியம் தொகையில் இல்லை, முடியும் தேதியில் இருக்கிறது. 2025 ஜூனில் அவருக்கு 26 வயதுதான். பிடி இன்னும் ஓர் ஆண்டு மிச்சம். பிரிட்ஜ் போடுவதென்றால் இப்படித்தான் போட வேண்டும்.

அதே வகை ஒப்பந்தம் சறுக்கவும் செய்யும். ஃப்ளோரிடா ஸ்பென்சர் நைட்டுக்கு 4.5 மில்லியன் வீதம் 3 ஆண்டு கொடுத்தது. முதல் சீசனான 2023-24இல் அவர் ஒரு என்எச்எல் ஆட்டம்கூட ஆடவில்லை. முழு சீசனும் கீழ் லீக்கில், சார்லட்டில். கீழே அனுப்பினால் அந்த ஆண்டு 1.15 மில்லியன்தான் கணக்கிலிருந்து கழியும், மீதி 3.35 மில்லியன் உச்சவரம்பில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

நீண்ட ஒப்பந்தத்துக்கு நாங்கள் போடும் கணக்கு எளிது: பிடி ஆண்டுக்கு 5%, சந்தை ஆண்டுக்கு 8.5%, பிறகு சராசரி. இந்த 8.5% எங்கிருந்து வருகிறது? முன்னணி கோல்கீப்பர்களில் சாரோஸ் 8.1%, சொரோகின் 9.4%, ஹெல்லபக் 9.7% வாங்கியவர்கள். இளைஞருக்கு அந்த வரிசையின் கீழ்ப்பகுதியே பொருந்தும்.

கால்கரியின் டஸ்டின் வுல்ஃபை வைத்துப் பார்ப்போம். 2001 ஏப்ரலில் பிறந்தவர். புதிய ஒப்பந்தம் 2026-27இல் தொடக்கம். 2028இல் 27 வயது. ஏழு ஆண்டு என்றால் பிடி 2, சந்தை 5. சராசரி 7.5%, 104 மில்லியனில் அது 7.8 மில்லியன். 2025 செப்டம்பரில் அவர் கையெழுத்திட்டது 7.5 மில்லியனுக்கு. அனஹைமின் லூகாஷ் டோஸ்டாலுக்கு ஐந்து ஆண்டு, பிடி 2, சந்தை 3: கணக்கு 6.8, நிஜம் 6.5. இரண்டிலும் ஏறக்குறைய 4% குறைவு. பணம் இப்போதே உறுதியாவதற்கு ஆட்டக்காரர் கொடுக்கும் தள்ளுபடி என்று அதை எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கு உடைவது பாஸ்டனின் ஜெரமி ஸ்வேமனிடம். 2023இல், சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவர் விசாரணையில் கிளப் சொன்னது 2 மில்லியன், அவர் கேட்டது 4.8, தீர்ப்பு 3.475. ஃப்ரீ ஏஜென்ட்டுகளின் ஒப்பந்தங்களை அங்கே ஒப்பீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பதால், விசாரணைக்குப் போனால் தொகை அடக்கமாகவே வரும். மறு ஆண்டு நிலைமை தலைகீழ். ஜூனில் இன்னொரு கோல்கீப்பரான ஊல்மார்க்கை ஒட்டாவாவுக்குக் கொடுத்துவிட்ட பாஸ்டனிடம் முதல் நிலை கோல்கீப்பர் வேறு யாரும் இல்லை. ஸ்வேமன் பயிற்சி முகாமுக்கே வரவில்லை. எங்கள் கணக்கு 6.7 மில்லியன், அக்டோபர் 6ஆம் தேதி கையெழுத்தானது 8.25 மில்லியன், 8 ஆண்டு. அந்த ஒன்றரை மில்லியன் திறமைக்கான விலையல்ல, மாற்று ஆள் இல்லாததற்கான விலை. அந்த சீசனில் அவர் சேவ் சதவீதம் .892. பதினொரு நாள் கழித்து ஓட்டிஞ்சரும் அதே 8.25க்கு, அதே 8 ஆண்டுக்குக் கையெழுத்திட்டார். ஆனால் அது தொடங்கியது 2025-26இல், சதவீதம் ஸ்வேமனுடையதைப் போல 9.4 அல்ல, 8.6.

வுல்ஃபுக்கு ஏன் பிரிட்ஜ் போடவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் அவர் வயதிலேயே இருக்கிறது. இரண்டு ஆண்டு பிரிட்ஜ் முடியும் நாளில் அவர் நேரே சந்தைக்குப் போய்விடுவார். 104 மில்லியனில் 5%, அதாவது 5.2 வீதம் இரண்டு ஆண்டுக்கு 10.4 மில்லியன். 2027-28க்கு அறிவித்த 113.5 மில்லியன் உச்சவரம்பை வைத்தாலே அடுத்த ஐந்து ஆண்டு 9.65 வீதம் 48 மில்லியனைத் தாண்டும். மொத்தம் 58.6, நீண்ட ஒப்பந்தமோ 52.5. நன்றாக ஆடினால் கிளப்புக்கு 6 மில்லியன் லாபம்.

ஆடாவிட்டால்? இரண்டு ஆண்டு கழித்து மீதிச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டால் (பை-அவுட்), மிச்சமுள்ள 37.5 மில்லியனில் மூன்றில் இரண்டு பங்கு, 10 ஆண்டுக்குப் பரப்பி, ஆண்டுக்கு 2.5 மில்லியன். அதுவும் ஒப்பந்தத்தில் சைனிங் போனஸ் (கையெழுத்திட்டதற்கான தொகை) இல்லாவிட்டால்தான். போனஸ் பகுதி குறையவே குறையாது.

சேவ் சதவீதத்தைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. வுல்ஃபின் முதல் முழு சீசன் 53 ஆட்டம், .910. சுமார் 1,500 ஷாட்டுகளில் தற்செயலாக மட்டுமே .007 மேலோ கீழோ போகும். .903 சாதாரண கோல்கீப்பர், .917 விருதுப் பட்டியலில் வருபவர். ஒரே சீசனை வைத்து இந்த இரண்டில் அவர் யார் என்று சொல்ல முடியாது. மூன்று சீசன் எண்கள் கையில் வரும்போதோ 27 வயது நெருங்கியிருக்கும்.