பழைய காருக்குப் புது கன்வெர்ட்டர்: உப்புக்காற்றில் எது தாங்குகிறது

ஆரல்வாய்மொழியில் எதிர்க்காற்று அடிக்கும்போது நாலாவது கியரில் இழுவை இல்லை. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் 3000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏறவில்லை. ஓடி நின்ற வண்டியின் அடியில் அழுகிய முட்டை வாடை. ஸ்கேனரில் பி0420 என்ற பிழைக் கோடு (code). இத்தனையும் சேர்ந்து வந்தால் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். பி0420 மட்டும் தனியாக வந்தால் அவசரப்படக் கூடாது. முன் சென்சருக்கு (கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சர்) பக்கத்தில் கேஸ்கெட் லேசாக ஒழுகினாலும் அதே கோடு விழும். ஒழுகும் இடத்தில் கரித்தடம் இருக்கும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனே சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

பிஎஸ்4 என்ற புகை அளவு விதி நாடு முழுக்கக் கட்டாயமானது 2017 ஏப்ரலில்தான். அதற்கு முன் குமரி மாவட்டத்தின் டிஎன் 74, டிஎன் 75 எண்ணில் பதிவான கார்களில் பிஎஸ்3 நிறைய உண்டு. கன்வெர்ட்டருக்குப் பின்னால் சென்சரே இல்லாத பிஎஸ்3 வண்டியில் பி0420 வரவே வராது; இழுவைக் குறைவுதான் முக்கிய அடையாளம். எனவே பாகம் கேட்கும் முன் ஆர்சியைப் பாருங்கள்.

இரண்டு சென்சர் உள்ள வண்டியில் சோதனை எளிது. எஞ்சின் நன்றாகச் சூடானபின் முன் சென்சர் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே துள்ளும். பின் சென்சர் 0.6, 0.7 அருகே அமைதியாக நிற்க வேண்டும். அதுவும் கூடவே துள்ளினால் உள்ளே வேலை நடக்கவில்லை என்று பொருள். அடைப்பைப் பார்க்க முன் சென்சரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்ட வேண்டும். மரை பெரும்பாலும் 18 மில்லிமீட்டர், பிட்ச் 1.5. செத்த சென்சர் ஒன்றின் உடம்பை லேத்தில் துளைத்து நிப்பிள் வைத்தால் அடாப்டர் தயார். ஐடிலில் ஒன்றரை பிஎஸ்ஐக்குள் இருக்கலாம். 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐயைத் தாண்டினால் அடைப்பு உறுதி. ரப்பர் சுத்தியலால் தட்டும்போது உள்ளே கலகலத்தால் கேஜே தேவையில்லை, பீங்கான் தேன்கூடு (புகை கடந்துபோகும் துளைகள் நிறைந்த உட்பகுதி) நொறுங்கிவிட்டது.

கன்வெர்ட்டர் தானாகச் சாவது குறைவு. மிஸ்ஃபயர் ஆகும் சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோல் வந்து தேன்கூட்டுக்குள் எரியும்; அந்தச் சூட்டில் பீங்கானே உருகும். வால்வு சீல் தேய்ந்து ஆயில் எரிந்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் படிந்து, தேன்கூட்டின் பிளாட்டினம், பெல்லேடியம், ரோடியம் பூச்சை மூடிவிடும். ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலண்ட் கசிந்தாலும் இதே கதிதான். பிளக், காயில், இன்ஜெக்டர், ஆயில் குறையும் அளவு இந்த நான்கையும் சரிபார்க்காமல் புதுசை மாட்டுவது வீண் செலவு. அடுத்த வருடம் செக் எஞ்சின் லைட் திரும்ப எரியும், பழி பாகத்தின் மேல் விழும்.

எதை வாங்குவது? ஒரிஜினல் பாகத்தின் விலை கேட்டால் தலை சுற்றும். ஆனால் பத்து வருடம் வைத்து ஓட்டப்போகும் வண்டிக்கு அதுதான் சரி. வெளிச்சந்தையில் வெட்டி வெல்டு வைக்கும் பொதுவான கன்வெர்ட்டரில் விலையுயர்ந்த உலோகப் பூச்சு மெல்லியது. முதல் வருடம் குறை தெரியாது. பின் சென்சர் உள்ள வண்டியில் கோடு திரும்பி வருவது அதற்குப் பிறகுதான். மூன்று நான்கு வருடத்தில் விற்கப்போகிறவருக்கு அது போதும். பழைய சாமான் கடையில் கிடைக்கும் கழற்றிய பாகத்தைத் தொட வேண்டாம், அது எப்படிச் செத்தது என்று யாருக்கும் தெரியாது. ஆசிட், தின்னர் ஊற்றிக் கழுவித் தருகிறேன் என்பதும் ஏமாற்று வேலை. உருகிய தேன்கூடு கழுவினால் திறக்காது.

தேன்கூட்டை உடைத்து வெறும் டப்பாவாக மாட்டித் தருவதும் நடக்கிறது. செலவு குறைவுதான். ஆனால் புகைச் சோதனையில் மாட்டும்: ஐடிலில் கார்பன் மோனாக்சைடு பிஎஸ்4 காருக்கு 0.3 சதவீதம், பிஎஸ்3-க்கு 0.5 சதவீதம்தான் அனுமதி. 15 வருடம் முடிந்து எஃப்சி எடுக்கப் போகும்போது திரும்பவும் கன்வெர்ட்டர் வாங்கத்தான் வேண்டியிருக்கும்.

குமரியில் பாதி வேலை கழற்றுவதில்தான். குளச்சல், முட்டம் பக்கம் நிற்கும் வண்டிகளில் ஃபிளாஞ்ச் நட்டு துருவில் கரைந்து அறுகோணமே இருக்காது. முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஆயில் அடித்து வையுங்கள். நட்டை மட்டும் கேஸ் டார்ச்சில் சூடாக்கி, முதலில் ஒரு நூல் இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். நேரே தளர்த்தப் போனால் ஸ்டட் முறியும். முறிவது சிலிண்டர் ஹெட்டில் என்றால் ஒரு நாள் வேலை மூன்று நாளாகிவிடும். கழற்றிய ஸ்டட், நட்டு எதையும் திரும்பப் போடாதீர்கள்.

வெல்டிங் என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் பைப்பிலேயே மாட்ட வேண்டும். பாடியில் மாட்டினால் எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்கு ஆபத்து. சென்சர்களையும் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். மிக் வெல்டிங்கே மேல், ராடு வெல்டில் ஊசித்துளை விழும். புது கேஸ்கெட் போதும், சிலிக்கான் பேஸ்ட் தடவக் கூடாது. அதன் ஆவி ஆக்சிஜன் சென்சரைக் கெடுக்கும். சென்சரை 40 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கினால் சரி.

முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் புகையும் எண்ணெய் வாடையும் வரும், பயப்பட வேண்டாம். ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு மெதுவாக ஓட்டுங்கள். ஸ்கேனரில் பிழைக் கோடு அழித்த கையோடு புகைச் சோதனைக்குப் போகாதீர்கள். காவல்கிணறு தாண்டி நாற்கரச் சாலையில் 60, 70 வேகத்தில் இருபது நிமிடம் ஒரே சீராக ஓட்டி, சூடு ஆறும் முன் சோதனைக்கு நிறுத்துங்கள். குளிர்ந்த கன்வெர்ட்டர் வேலை செய்யாது, 250 டிகிரியாவது ஏற வேண்டும்.

ஆயிரம் கிலோமீட்டரில் ஃபிளாஞ்ச் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். முதல் மழைக்காலம் முடிந்ததும் கன்வெர்ட்டர் உடம்பில் பழுப்புத் துரு தெரியும். அது மேல்தோல்தான், ஓட்டை விழாது. சாதா இரும்பு ஃபிளாஞ்சும் வெல்டு ஓரமும்தான் முதலில் உதிர்கின்றன. கடலோரத்தில் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவுகிறவர்களுக்கு இது தள்ளிப்போகிறது. ஹீட் ஷீல்டு போல்ட் துருப்பிடித்து தகரம் அதிர ஆரம்பித்தால் கன்வெர்ட்டர் உடைந்ததோ என்று தோன்றும். பெரிய ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளாம்ப் ஒன்றைச் சுற்றி இறுக்கினால் சத்தம் அடங்கும். ஐப்பசி மழையில் தேங்கிய தண்ணீருக்குள் கொதிக்கும் கன்வெர்ட்டரோடு இறங்காதீர்கள், பீங்கானில் விரிசல் விழலாம்.

கழற்றிய பழைய கன்வெர்ட்டரை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வர வேண்டாம். பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடையில் இரும்பு விலைக்குப் போட்டாலும் நஷ்டம். உள்ளே பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகம் இருக்கிறது. ஒரிஜினல் என்றால் இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.