பால்கனிக்கு ரோஜா வாங்குகிறீர்களா? பூவின் படத்தை நம்பி பணம் கட்டாதீர்கள்

ஆன்லைனில் செடி விற்கும் கடை ஒன்றில் போன ஆடியில் இரண்டு ரோஜாச் செடி வாங்கினேன். கடை பெயர் போடவில்லை, இதே வேலையைச் செய்கிற கடைகள் நிறைய இருக்கின்றன. எங்கள் வீடு வேளச்சேரியில் இரண்டாம் மாடி. பால்கனி அகலம் மூன்றரை அடி. துணி காயப்போடும் கொடியும் வாஷிங் மெஷினும் போக மிச்சம் ஒரு மூலைதான். இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி, பால்கனியைப் படமெடுத்தும் அனுப்பிவிட்டுத்தான் ஆர்டர் போட்டேன். "பால்கனிக்குன்னே உள்ள வெரைட்டி சார், மூணு அடிக்கு மேல போகாது" என்று பதில் வந்தது.

ஒன்று வெள்ளை ரோஜா, ஐஸ்பெர்க். நன்றாகத்தான் பூத்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு பாருங்கள், கிளை கிளையாக நீட்ட ஆரம்பித்து, தை வருவதற்குள் கிரில்லைத் தாண்டி மேல்வீட்டுத் துணிக்கொடியைத் தொட்டுவிட்டது. கடைக்குப் படம் அனுப்பினால், "நீங்க ஐஸ்பெர்க்தானே கேட்டீங்க, அதானே பூத்திருக்கு?" என்கிறார்கள்.

இங்கேதான் சூட்சுமம். ஐஸ்பெர்க்கில் இரண்டு உண்டு. 1958-இல் ஜெர்மனியின் கோர்டெஸ் பண்ணை வெளியிட்டது ஃபுளோரிபண்டா வகைப் புதர்ச்செடி. மூன்று, நான்கு அடியில் நின்று கொத்துக்கொத்தாகப் பூக்கும். அந்தச் செடியில் தானாக நீண்டு வளர்ந்த கிளையிலிருந்து பிரித்தெடுத்ததுதான் கிளைம்பிங் ஐஸ்பெர்க். இங்கிலாந்தில் 1968-இல் வந்தது, பத்து அடிக்கு மேல் ஏறும். இரண்டுக்கும் பூ ஒன்றேதான். கவரில் இருக்கும்போது உயரமும் ஒரே அடிதான். பூவை மட்டும் படம் போட்டு விற்றால் எதை அனுப்பினாலும் கடைக்காரர் தப்பித்துக்கொள்ளலாம். ஐஸ்பெர்க் மட்டுமல்ல, பேர்போன ரோஜாக்கள் பலவற்றுக்கும் இப்படி ஒரு கொடி வடிவம் இருக்கிறது.

"வெட்டி விடுங்க, கன்ட்ரோல் ஆகும்" என்றார்கள். வெட்டினேன். பூ நின்று, குச்சிதான் இன்னும் வேகமாக வந்தது. ஏறும் ரோஜா முதிர்ந்த தண்டின் பக்கக் கிளைகளில்தான் நன்றாகப் பூக்கும். தண்டைப் படுக்கவைத்துக் கட்டினால் இன்னும் அதிகம் பூக்கும். மூன்றரை அடியில் எதைப் படுக்கவைப்பது?

இன்னொன்று பட்டன் ரோஸ், ஆரஞ்சு நிறம். ஒட்டுக் கட்டிய செடி, அதாவது வேறொரு ரோஜாவின் அடித்தண்டில் இதைப் பொருத்தி வளர்த்தது என்று கூடுதல் விலை. ஒட்டுக்குக் கீழிருந்து வெளிர்பச்சையில் கிளை வந்தது, மேலே இருந்த ஒட்டு காய்ந்துபோனது. இலைக்கு ஏழு, ஒன்பது சிற்றிலை. அதை மட்டும் வைத்துக் காட்டு ரோஜா என்று முடிவு கட்டாதீர்கள், நல்ல ரோஜாவிலும் ஏழு வரும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சீப்புப் பல் மாதிரி ஓரம் கிழிந்திருந்தால் அது மல்டிஃப்ளோரா, ஒட்டுக்கு அடிச்செடியாக வைக்கும் காட்டு ரோஜா. எனக்கு வந்ததும் அதுவே. "வெயில் பத்தல சார்" என்று பதில். அதே வெயிலில்தானே காட்டு ரோஜா கொழித்து வளர்கிறது!

மாற்றித் தரும் கெடு ஏழு நாளாம். கொடியா புதரா என்று ஏழு நாளில் எந்த ரோஜா சொல்லும்?

வாங்குமுன், முழுச் செடி தரையில் வளர்ந்து நிற்கும் படத்தைக் கேளுங்கள். 'புதர் வகை, இத்தனை அடி' என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். என் மூலை மாதிரி ஐந்தாறு மணி நேரம் வெயில் விழுகிற இடத்துக்கு, ஒட்டுக் கட்டாமல் குச்சி நட்டு வேர்விட்ட மினியேச்சர், அதாவது குட்டி ரக ரோஜா போதும். பத்து அங்குலத் தொட்டியில் அடங்கும், அடிச்செடி கிளைக்கும் தொல்லை கிடையாது. பன்னீர் ரோஜா மணத்துக்கு ஆசைப்பட்டுக் கேட்பவர்கள் உண்டு, எனக்கும் ஆசைதான். ஆனால் அது பக்கவாட்டில் பரவும், தரை இருக்கிறவர்களுக்கு ஏற்றது. பெரிய பூ பூக்கும் ஹைபிரிட் டீ ரக ரோஜா வேண்டுமானால் பதினான்கு அங்குலத் தொட்டியில் ஒன்றே ஒன்று வையுங்கள்.

வாட்ஸ்அப் பேச்சை அழிக்காமல் வைத்திருந்ததால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிய முடிந்தது. அதன் பிறகுதான் பட்டன் ரோஸுக்கான பணத்தைத் திருப்பினார்கள். ஐஸ்பெர்க்குக்கு மட்டும் இன்றுவரை அதே பதில்தான்: கேட்ட பூதானே பூத்திருக்கிறதாம்.