போர்பனா, ரையா? ஐஸ் கரைந்த பிறகு தெரிகிற வித்தியாசம்

வீட்டில் ஒரே ஒரு அமெரிக்க விஸ்கி பாட்டில்தான் என்று முடிவு செய்தால், மக்காச்சோளத்தில் செய்யும் போர்பனை விட்டு, ரை என்ற தானியத்தில் செய்யும் ரை விஸ்கி பக்கம் நான். அதிலும் அரசுக் கண்காணிப்பில் ஊறியது என்று பொருள்படும் ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்று லேபிளில் அச்சிட்ட, 50 சதவீத ஆல்கஹால் உள்ள ரை. ஐஸோ, மூலிகை வாசமேற்றிய வைனான வெர்மூத்தோ சேர்ந்த பிறகும் சுவை கரைந்துபோகாமல் நிற்பது அதுதான்.

சட்டத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் என்றால் போர்பன், 51 சதவீதம் ரை என்றால் ரை. வடிக்கும்போது 80 சதவீத ஆல்கஹாலைத் தாண்டக் கூடாது. பீப்பாயில் நிரப்பும்போது 62.5-ஐத் தாண்டக் கூடாது. பீப்பாய் உட்புறம் கருக்கிய புத்தம்புது ஓக்காக இருக்க வேண்டும். ‘ஸ்ட்ரெயிட்’ என்று போட்டால் குறைந்தது 2 வருடம் ஊறியிருக்க வேண்டும், 4 வருடத்துக்குக் குறைவென்றால் வயதையும் அச்சிட வேண்டும். போர்பன் கென்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அமெரிக்காவில் எங்கே செய்தாலும் போர்பன்தான்.

டென்னசி விஸ்கியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பீப்பாய்க்குப் போகும் முன் சுகர் மேப்பிள் மரக்கரி வழியாகச் சொட்டவிடுவார்கள். லின்ச்பர்க்கில் ஜாக் டேனியல்ஸின் கரிப்படுகை 10 அடி ஆழம். கரகரப்பு போய்விடும், கூடவே கொஞ்சம் குணமும் போய்விடும். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் தாண்டக் கூடாது: ஜாக் டேனியலுக்கு வடிக்கக் கற்றுக்கொடுத்தவர் நியரஸ்ட் க்ரீன் என்ற, அடிமையாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினத்தவர். அவர் பெயர் வெளியே வர நூறாண்டுக்கு மேல் ஆனது. முளைகட்டிய பார்லியில் (மால்ட்) மட்டும் செய்யும் அமெரிக்கன் சிங்கிள் மால்ட் 2025 ஜனவரியில்தான் தனி வகையாகச் சட்டத்தில் ஏறியது. அதில் நான் சுவைத்தது குறைவு, அதனால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

போர்பனின் பலம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மக்காச்சோளத்தின் இனிப்பு, புது ஓக் தரும் வனிலா, கேரமல். மேக்கர்ஸ் மார்க்கில் ரைக்குப் பதில் சிவப்புக் குளிர்காலக் கோதுமை சேர்ப்பதால் இன்னும் மென்மை. ஐஸ் போடாமல், தண்ணீர் தொடாமல் குடிப்பவருக்கு இதில் குறை எதுவும் இல்லை.

ரையின் கதை வேறு. அமெரிக்காவின் பழைய விஸ்கி இதுதான். பென்சில்வேனியாவின் மொனாங்கஹேலா பள்ளத்தாக்கும் மேரிலாந்தும் அதன் தாய்நிலம். ஜார்ஜ் வாஷிங்டன் தன் மவுன்ட் வெர்னன் பண்ணையில் 1797-இல் தொடங்கிய வடிசாலையின் கலவை 60 சதவீதம் ரை, 35 சதவீதம் மக்காச்சோளம், 5 சதவீதம் பார்லி மால்ட். 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கில் கிழக்கு மாநில வடிசாலைகள் விழுந்தன, பெரும்பாலானவை எழவே இல்லை. 1810-இல் பென்சில்வேனியாவில் பிறந்த ஓல்டு ஓவர்ஹோல்ட், பிலடெல்பியாவின் பெயர் சொன்ன ரிட்டன்ஹவுஸ், இரண்டையும் கென்டக்கி வடிசாலைகள்தான் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

ரை வடிப்பவர் படும் பாடும் அதிகம். இந்தத் தானியத்தில் பிசின்தன்மை கூடுதல் என்பதால் ஊறல் கூழாகக் கெட்டியாகிவிடும். நேரடித் தீயில் காய்ச்சினால் அடிப்பிடித்து, கருகல் வாடை கடைசிச் சொட்டுவரை வரும். நொதிக்கும்போது நுரை பொங்கி வழியும் என்பதால் தொட்டியை முழுக்க நிரப்ப முடியாது. தானியத்தைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவார்கள், பிசினை உடைக்க என்சைம் சேர்ப்பார்கள்.

எல்லா ரையும் ஒன்றல்ல. கென்டக்கி ரையில் பெரும்பாலும் 51 சதவீதத்தை ஒட்டியே ரை இருக்கும், மீதியில் மக்காச்சோளத்தின் இனிப்பு தெரியும். இந்தியானாவின் லாரன்ஸ்பர்க் ஆலை வடிப்பது 95 சதவீத ரை. அதில் மிளகு, புதினா, சில சமயம் சதகுப்பை வாடை. சொந்தமாக வடிக்காத பல பிராண்டுகளின் பாட்டிலில் இருப்பது இந்தச் சரக்குதான். பின்பக்கப் பொடி எழுத்தில் ‘இந்தியானாவில் வடித்தது’ என்று இருக்கிறதா பாருங்கள். கெட்ட சரக்கு அல்ல, ஆனால் முன்பக்கத்துப் பரம்பரைக் கதைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது.

இப்போது முக்கியமான விஷயம், தண்ணீர். 40 சதவீத விஸ்கி 60 மில்லியில் ஐஸ் கரைந்து 20 மில்லி தண்ணீர் சேர்ந்தால் கையில் இருப்பது 30 சதவீதம். போர்பனின் வனிலா முதலில் அடங்கி, மிஞ்சுவது இனிப்புத் தண்ணீர். அதே தண்ணீர் 50 சதவீத ரையில் சேர்ந்தால் 37.5. 15 மில்லி சேரும்போதுதான் அது 40-க்கே இறங்குகிறது, அதாவது மற்ற பாட்டில் திறந்தபோது இருந்த இடத்துக்கு. ஆல்கஹால் அளவு ஒரு பாதிக் காரணம், தானியம் இன்னொரு பாதி: ரையின் காரமும் கிராம்பு வாசமும் நீர்த்தாலும் நாக்குக்கு எட்டும்.

மன்ஹாட்டன் என்ற காக்டெயிலில் இது பளிச்சென்று தெரியும். 60 மில்லி விஸ்கி, 30 மில்லி இனிப்பு வெர்மூத், இரண்டு டாஷ் அங்கோஸ்டுரா என்ற கசப்புச் சாறு. ஐஸில் அரை நிமிடம் கலக்கி வடிகட்டினால் சுமார் 25 மில்லி தண்ணீர் சேரும். 50 சதவீத ரையென்றால் முடிவு 30 சதவீதம் அளவில், 40 சதவீத போர்பனென்றால் 25. பின்னதில் இனிப்போடு இனிப்பு சேர்ந்து திகட்டுகிறது. கலவை புளித்தால் விஸ்கியைக் குறை சொல்லாதீர்கள், பெரும்பாலும் வெர்மூத் கெட்டிருக்கும். திறந்த பிறகு அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஓரிரு மாதத்தில் தீர்த்துவிட வேண்டும்.

‘பாண்ட்’ என்ற சொல்லுக்காகக் கூடுதல் காசு கொடுக்கலாமா? கொடுக்கலாம். வெறும் ஸ்பிரிட்டில் உலர்பழச் சாறும் புகையிலையும் கலந்து விஸ்கி என்று விற்ற காலத்தில், 1897-இல் வந்த சட்டம் அது. ஒரே வடிசாலை, ஒரே பருவத்துச் சரக்கு, அரசுக் கண்காணிப்புக் கிடங்கில் குறைந்தது 4 வருடம், பாட்டிலில் சரியாக 50 சதவீதம். வடித்த ஆலை எது என்பதையும் லேபிள் சொல்லியாக வேண்டும். ரிட்டன்ஹவுஸ் போன்றவை பெரும்பாலும் 30 டாலரைச் சுற்றியே கிடைப்பதால் கூடுதல் காசும் அதிகமில்லை. வயது கூடினால் சுவை கூடும் என்று நம்பி இரண்டு மடங்கு கொடுப்பதற்குமுன் யோசியுங்கள். ஒவ்வொரு முறையும் புது ஓக் என்பதால், கிடங்கின் மேல்தட்டு வெயிலில் நெடுங்காலம் கிடந்த சரக்கில் மரக்கசப்பு ஏறிவிடும்.

காரமே ஆகாது என்றால் போர்பனிலேயே இருங்கள், ஆனால் 40-இல் நிற்க வேண்டாம். 50.5 சதவீத வைல்டு டர்க்கி 101, அல்லது ரை பங்கு கூடிய ஓல்டு கிராண்ட்-டாட் பாண்டட். நல்ல ரை வைக்காத கடையில் நானும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுப்பேன்.