ஏர்லி டிசிஷனா, ரெகுலரா: கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் நவம்பர் 1 அல்லது 15-க்குள் ஏர்லி டிசிஷன் முறையில் விண்ணப்பித்தால், டிசம்பர் நடுவிலேயே முடிவு தெரிந்துவிடும். இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வதாகவும் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெறுவதாகவும் மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்திட வேண்டும். ரெகுலர் முறையில் மார்ச் இறுதிவரை காத்திருக்க நேர்ந்தாலும், வந்த சேர்க்கை, நிதியுதவிக் கடிதங்களை அருகருகே வைத்துப் பார்த்து மே 1-க்குள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

ஏர்லி டிசிஷனில் சேர்க்கை விகிதம் அதிகம் என்பது உண்மையே. ஆனால் கல்லூரி அணிகளுக்காக முன்பே பேசி வைக்கப்பட்ட விளையாட்டு வீரர்களும், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளும் அந்த விகிதத்தில் கலந்திருப்பதால், சாதாரண மாணவருக்குக் கிடைக்கும் அனுகூலம் எண்ணிக்கை காட்டும் அளவுக்கு இருக்காது.

உண்மையான வேறுபாடு பணத்தில்தான் இருக்கிறது. நிதியுதவி போதாவிட்டால் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம் என்பது விதி. ஆனால் எது போதும் என்பதை முதலில் கணக்கிடுவது கல்லூரி, அந்தக் கணக்கைச் சோதித்துப் பார்க்க வேறொரு கல்லூரியின் கடிதம் அப்போது கையில் இருக்காது. அமெரிக்கக் குடும்பங்களாவது கல்லூரி இணையதளங்களில் உள்ள நிகரச் செலவுக் கணிப்பான்களில் வருமானத்தைப் போட்டு முன்பே ஓரளவு அறியலாம். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ விண்ணப்பிப்பவருக்கு அவை பெரும்பாலும் பொருந்தா. போதாக்குறைக்கு, வெளிநாட்டு மாணவரின் கட்டணம் செலுத்தும் திறனைச் சேர்க்கையின்போதே பார்க்கும் கல்லூரிகள்தான் அதிகம். இந்த முறை வசதியற்றவர்களுக்குப் பாதகமானது என்ற விமர்சனம் வலுத்திருந்த 2006-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகம் ஏர்லி டிசிஷனைக் கைவிட்டது. 2019-இல் மீண்டும் கொண்டுவந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

இரண்டுக்கும் இடைப்பட்டது ஏர்லி ஆக்‌ஷன்: முன்கூட்டியே விண்ணப்பித்து முடிவை அறியலாம், ஆனால் இடம் கிடைத்தாலும் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியில் அது எவ்விதத்திலும் கட்டுப்படுத்தாது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகியவை வேறு தனியார் கல்லூரிகளுக்கு முன்கூட்டி விண்ணப்பிப்பதைப் பொதுவாகத் தடுத்தாலும், இடம் கிடைத்தவர் மே 1 வரை யோசிக்க விடுகின்றன. உதவித்தொகையை ஒப்பிட்டே முடிவெடுக்க வேண்டிய குடும்பத்துக்கு இதுவோ ரெகுலரோதான் ஏற்றது என்பேன். முழுச் செலவையும் ஏற்கக்கூடிய, முதல் விருப்பத்தில் ஐயமே இல்லாத வீட்டுக்கு ஏர்லி டிசிஷனால் இழப்பு குறைவு. அப்படி விண்ணப்பித்தவரின் முடிவைக் கல்லூரி டிசம்பரில் ஒத்திவைத்தால், விண்ணப்பம் ரெகுலர் வரிசைக்குப் போய்விடும். அத்துடன் கட்டுப்பாடும் நீங்கிவிடும்.