4:44-ம் ரிவைவலும்: ஒரே வருஷம், கிட்டத்தட்ட ஒரே சேல்ஸ், ஒருத்தருக்கு மாலை இன்னொருத்தருக்கு மீம்

2017 ஜூன் 30 அன்னிக்கு அமெரிக்க ராப்பர் ஜே-ஸியோட 4:44 ஆல்பம் வந்துச்சு, டிசம்பர் 15 அன்னிக்கு இன்னொரு ராப்பர் எமினெமோட ரிவைவல் ஆல்பம் வந்துச்சு. அமெரிக்காவோட பில்போர்டு ஆல்பம் லிஸ்ட்ல ரெண்டுமே நம்பர் 1. முதல் வாரக் கணக்கு ஜே-ஸிக்கு 2,62,000 யூனிட் (விற்பனையும் ஸ்ட்ரீமிங்கும் சேத்து), எமினெமுக்கு 2,67,000, அதாவது வெறும் நம்பர் பாத்தா எமினெம்தான் ஒரு மயிரிழை முன்னாடி. ஆனா விமர்சகருங்க மார்க்க எல்லாம் கூட்டி சராசரி போடுற மெட்டாக்ரிட்டிக்ல பாருங்க, 4:44-க்கு 82, ரிவைவலுக்கு 50. ரெண்டு பேரும் சீனியருங்க, அப்போ ஒருத்தருக்கு 47 வயசு இன்னொருத்தருக்கு 45, ரெண்டு பேருக்கும் காசு புகழ் எதுக்கும் குறைச்சல் இல்ல, அப்புறம் ஏன் இவ்ளோ வித்தியாசம்னு ரெண்டையும் பக்கத்துல வச்சு அடுத்தடுத்து கேட்டாதான் புரியுது.

இதுல ஒரு பழைய பாக்கி வேற இருக்கு. 2001-ல ஜே-ஸியோட தி ப்ளூப்ரிண்ட் ஆல்பத்துல ரெனிகேட்னு ஒரு பாட்டு, வெளிய இருந்து வந்து அந்த ஆல்பத்துல ராப் பண்ணுன பெரிய ஆளு எமினெம் மட்டும்தான், பீட்டும், அதாவது பின்னணி இசையும், அவரோடதுதான். அவர் ராப் பண்ணுன பகுதி (வெர்ஸ்) எப்படி இருந்துச்சுன்னா, அதே வருஷம் நாஸ்ங்கற ராப்பர் ஜே-ஸியத் திட்டி ஈத்தர் பாட்டு போட்டப்போ, உன் பாட்டுலயே உன்னைய எமினெம் காலி பண்ணிட்டான்னு குத்திக் காட்டுனாரு. அந்த வரி ஜே-ஸி ஃபேன்ஸ ரொம்ப வருஷம் துரத்துச்சு. 16 வருஷம் கழிச்சு நிலைமை அப்படியே தலைகீழா மாறிடுச்சு.

முதல்ல சைஸ். 4:44-ல 10 பாட்டு, மொத்தம் 36 நிமிஷம். ரிவைவல்ல 19 டிராக், 77 நிமிஷம், இரட்டிப்புக்கும் மேல. ஜே-ஸி ஆல்பம் முழுக்க நோ ஐ.டி.ங்கற ஒரே புரொடியூசர், சிகாகோக்காரர், கான்யே வெஸ்ட்டுக்கே பீட் பண்ணக் கத்துக்குடுத்தவர். ஒரே கை சமைச்சதுனால நினா சிமோன், டானி ஹாத்தவே, ஸ்டீவி வொண்டர், சிஸ்டர் நான்ஸின்னு எங்கெங்கயோ இருந்து சாம்பிள் (பழைய பாட்டுல இருந்து வெட்டி எடுத்த துண்டு) எடுத்தும் எல்லாம் ஒரே ரூம்ல உக்காந்து பாடுற மாதிரி இருக்கு. ரிவைவல்ல ஒரு பாட்டுக்கு எட் ஷீரன், அடுத்ததுக்கு அலிசியா கீஸ், இன்னொண்ணுக்கு பிங்க், எக்ஸ் அம்பாஸடர்ஸ், கெலானி, ஸ்கைலர் கிரேன்னு வரிசை கட்டி வர்றாங்க, கூடவே கிரான்பெரீஸோட ஸோம்பி பாட்டுல இருந்து ஒரு சாம்பிள், ஜோன் ஜெட் பாடுன ஐ லவ் ராக் அண்ட் ரோல்ல இருந்து ஒரு சாம்பிள். தனித்தனியா எடுத்தா எதுவும் பாவம் இல்ல. ஆனா எமினெம் பல்லக் கடிச்சுக்கிட்டு ராப் பண்ணிட்டு இருக்கும்போது திடீர்னு ரேடியோ ஹூக் (திரும்பத் திரும்ப வர்ற பல்லவி) ஒண்ணு வந்து விழும், அது முடிஞ்சதும் திரும்ப பல்லக் கடிப்பாரு, 77 நிமிஷமும் இதேதான், நடுவுல ரெண்டு தடவையாவது கை தானா ஸ்கிப் பட்டனுக்குப் போயிடுது.

ரெண்டு ஆல்பத்துலயும் ஜே-ஸியோட மனைவி, பாடகி பியான்சே இருக்காங்க, இது எனக்குப் புடிச்ச ஒற்றுமை. ரிவைவலோட முதல் பாட்டு வாக் ஆன் வாட்டர்ல ஹூக் பாடுறாங்க, எழுதுன பேப்பரக் கிழிச்சு கசக்கிப் போடுற சத்தம் கேக்குது, எனக்கு இன்னும் எழுத வருமா, எல்லாரும் பழைய ஆளையே கேக்குறாங்களேன்னு எமினெம் புலம்புறாரு, கடைசில நான் ஸ்டான் (அவரோட பழைய புகழ்பெற்ற பாட்டு) எழுதுனவன்டான்னு திமிரா முடிக்கிறாரு. பீட்டே பெருசா இல்ல, பியானோதான். ரிலீஸானப்போ இதப் போட்டு ஓட்டுனாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, வயசான ராப்பர் பயத்த இவ்ளோ வெளிப்படையா சொன்ன பாட்டு ரொம்ப கம்மி.

4:44-ல ஃபேமிலி ஃப்யூட் பாட்டுல பியான்சே பின்னாடி குரல் குடுக்குறாங்க, ஆனா ஆல்பத்தோட டைட்டில் பாட்டே அவங்ககிட்ட கேக்குற மன்னிப்புதான். 2016 ஏப்ரல்ல அவங்க லெமனேட்னு ஒரு ஆல்பம் விட்டு புருஷன் பண்ணுன துரோகத்த ஊருக்கே பாட்டா சொல்லிட்டாங்க, ஒரு வருஷம் உலகமே இந்தாளு என்ன சொல்லப் போறாருன்னு காத்துட்டு இருந்துச்சு. இது ஜே-ஸிக்குக் கிடைச்ச பெரிய அனுகூலம், கதையோட முதல் பாதிய மனைவி ஏற்கனவே சொல்லிட்டதால இவரு நேரா ரெண்டாம் பாதிய ஆரம்பிச்சா போதும். காலைல 4:44-க்கு முழிப்பு வந்து எழுதுன பாட்டுன்னு அவரே சொல்லியிருக்காரு. ஹன்னா வில்லியம்ஸ்னு ஒரு இங்கிலாந்து பாடகி, அவங்க குரல வெட்டி நோ ஐ.டி. லூப் போட்டிருக்காரு, உன்னைய நடத்த வேண்டிய மாதிரி நான் எப்பவும் நடத்த மாட்டேன்னு அந்தம்மா அலறுது, அதுக்கு நடுவுல இவரு குரலயே ஒசத்தாம, கிட்டத்தட்ட பேசுற மாதிரி, கலைஞ்சு போன குழந்தைங்களப் பத்தி சொல்றாரு, பசங்க வளந்து இதெல்லாம் தெரிஞ்சுக்கும்போது அவங்க மூஞ்சிய எப்படிப் பாக்குறதுன்னு கேக்குறாரு. எதுகை மோனை வித்தையெல்லாம் ஓரமா வச்சுட்டாரு.

எமினெமும் ரிவைவல்ல மாஜி மனைவி கிம்கிட்ட மன்னிப்பு கேக்குறாரு, பேட் ஹஸ்பண்ட்னு பாட்டு. அத யாரும் பேசல. காரணம் சிம்பிள், வரிகள் உண்மையா இருக்கு, ஆனா ஹூக் வந்ததும் ஸ்டேடியத்துல ஆயிரம் பேரு கைய ஆட்டுற மாதிரி ஆயிடுது. மன்னிப்பு கேக்கும்போது பின்னாடி டிரம்ஸ் அடிச்சா யார் நம்புவா.

ஸ்மைல் பாட்டப் பத்தி சொல்லாம விட்டா தப்பாயிடும். ஜே-ஸியோட அம்மா குளோரியா கார்ட்டர் நாலு பிள்ளைங்கள வளத்தவங்க, தான் லெஸ்பியன்ங்கறத அவ்ளோ காலம் மறைச்சு வாழ்ந்தவங்க. அத மகன் பாட்டா சொல்றாரு, கடைசில அம்மாவே வந்து கவிதை படிக்கிறாங்க. பெண்கள், தன்பால் ஈர்ப்பாளர்கள் விஷயத்துல ஹிப்ஹாப்போட பழைய ரெக்கார்டு தெரிஞ்சவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு தெரியும். தன்பால் ஈர்ப்பாளர் உரிமைக்காக வேலை செய்யுற கிளாட் அமைப்பு 2018-ல அந்தம்மாவுக்கு விருது குடுத்துச்சு.

அதுக்காக 4:44 குறையே இல்லாத ஆல்பம்னு சொல்ல வரல. தி ஸ்டோரி ஆஃப் ஓ.ஜே. பாட்டுல யூதருங்க அமெரிக்கால சொத்து வாங்கி வச்சிருக்காங்கன்னு ஒரு வரி, அதுக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு, நியாயமும்கூட. அப்புறம் அந்த ஓவியம் வாங்குன கதை, பத்து லட்சம் டாலருக்கு வாங்குனேன் இப்போ எண்பது லட்சம்னு. கேக்கும்போது ராப்பா ரியல் எஸ்டேட் செமினாரான்னு ஒரு டவுட் வருது. வியாபாரத்துலயும் சித்து வேலை உண்டு, முதல் வாரம் அவரோட சொந்த மியூசிக் ஆப் டைடல்லயும் ஸ்பிரிண்ட்ங்கற போன் கம்பெனி கஸ்டமர்களுக்கும் மட்டும்தான், ஸ்பிரிண்ட் வழியா போன காப்பிய வச்சு ஒரே வாரத்துக்குள்ள பிளாட்டினம் (பத்து லட்சம் யூனிட்டுக்குக் குடுக்குற சான்று) வாங்கிட்டாங்க. பில்போர்டு அந்தக் காப்பிய கணக்குல சேக்கல, மேல சொன்ன 2,62,000 ஆல்பம் மத்த இடங்களுக்கு வந்தப்புறம் வந்த நம்பர். கிராமில 8 நாமினேஷன், கைக்கு வந்தது பூஜ்யம். ராப் விருதெல்லாம் கென்ட்ரிக் லாமர் அள்ளிட்டுப் போனாரு, ஆல்பம் ஆஃப் தி இயர் ப்ரூனோ மார்ஸுக்கு.

இப்போ ரிவைவலுக்காக வாதாடணும்னா என்கிட்ட ரெண்டே பாட்டு இருக்கு, அந்த ரெண்டும் 4:44-ல இருக்குற எந்தப் பாட்டுக்கும் சளைச்சது இல்ல. 18-வது டிராக் காஸில், 19-வது அரோஸ். காஸில்ல மகள் ஹெய்லிக்கு கடிதம் எழுதுறாரு, முதல் கடிதம் 1995 டிசம்பர்ல, புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி, கடைசி கடிதம் 2007 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். எழுதி முடிச்சு மாத்திரைய முழுங்கி விழுந்துடுறாரு. அந்த டிசம்பர்ல அவரு நிஜமாவே ஓவர்டோஸ்ல சாகக் கிடந்தாரு. அரோஸ் ஆஸ்பத்திரி மானிட்டர் பீப் பீப்னு ஆரம்பிக்குது, படுக்கைல இருந்து பிள்ளைங்ககிட்டயும் தம்பிகிட்டயும் விடை சொல்றாரு, 2006-ல சுட்டுக் கொல்லப்பட்ட ஃப்ரெண்ட் ப்ரூஃப் கூப்புடுறான்னு தோணுது, திடீர்னு டேப் ரிவைண்ட் ஆகுது, காஸிலோட கடைசி வெர்ஸ் திரும்ப வருது, இந்த தடவ மாத்திரைய டாய்லெட்ல கொட்டி ஃப்ளஷ் பண்ணிடுறாரு. ஹெட்போன்ல கேட்டுட்டு ரொம்ப நேரம் அடுத்த பாட்டு போடத் தோணல. ஆனா இதுக்கு வந்து சேர முன்னாடி 17 டிராக்கத் தாண்டணும், விமர்சனம் எழுதுன பாதிப்பேரு அதுக்குள்ள மார்க் போட்டு முடிச்சிருப்பாங்கன்னு எனக்கு சந்தேகம்.

விமர்சனத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் என்ன பண்ணாங்கங்கறதும் வேற வேற. ஜே-ஸி 2018 ஜூன்ல மனைவியோட சேந்து தி கார்ட்டர்ஸ்னு பேர் வச்சு எவ்ரிதிங் இஸ் லவ் விட்டாரு, சமாதானமாயிட்டோம்னு சொல்ற மாதிரி. எமினெம் சண்டைக்குக் கிளம்பிட்டாரு, 2018 ஆகஸ்ட் 31 முன்னறிவிப்பே இல்லாம காமிகாஸி. 13 டிராக், 45 நிமிஷம்போல, பாப் ஸ்டாருங்க வரிசையும் போச்சு. முதல் பாட்டுலயே ரிவைவல கழுவி ஊத்துனவங்களப் புடிச்சு திட்டுறாரு. முதல் வாரம் 4,34,000 யூனிட் போச்சு. ராப்பர் டைலர் தி கிரியேட்டர ஒரு கேவலமான வார்த்தைல திட்டினதுக்கு அப்புறம் இன்டர்வியூல வருத்தம் தெரிவிச்சாரு, அது தேவையில்லாத ஆணி. ஆனா நீளத்தக் குறை, ஹூக்க குறைன்னு ஊரு சொன்னதக் கேட்டுக்கிட்டே ஊரத் திட்டுன ஆல்பம் அது, அந்த வகைல விமர்சனம் வேலை செஞ்சிருக்கு.

புதுசா கேக்குறவங்களுக்கு சொல்றதுன்னா 4:44-ஐ வரிசை மாத்தாம முழுசா கேளுங்க, ஷஃபிள்ல போடாதீங்க. ரிவைவல்ல வாக் ஆன் வாட்டர், ஃப்ரேம்டு, அப்புறம் காஸிலும் அரோஸும், இந்த கடைசி ரெண்டையும் மட்டும் பிரிக்காம அடுத்தடுத்து. மிச்சத்துல எட் ஷீரன் புடிச்சவங்க ரிவர் கேக்கலாம், அது ரேடியோல நல்லாத்தான் ஓடுச்சு.